காதுச் சுவரை எடுப்பதா, வைப்பதா? தங்கச்சியின் ஒபரேஷன் பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மஸ்கெலியாத் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே காது ஒபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள் இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என் தங்கச்சிக்கு 34 வயது, தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள், இரண்டு பிள்ளைகள். சின்ன வயதிலிருந்தே இடது காதில் சீழ் வடியும். அம்மா நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி ஊற்றுவார், டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து தருவார்கள், நின்றுவிடும், மழை பிடித்தால் மறுபடி வரும். இப்படியே 25 வருடம் ஓடிவிட்டது, யாரும் அதைப் பெரிய வியாதியாக நினைக்கவில்லை, நானும்தான். மூன்று மாதமாக வாடை தாங்க முடியவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக் களத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள் தள்ளிப் போகிறார்கள் என்று ஒரு நாள் வீட்டுக்கு வந்து அழுதாள். அன்றைக்குத்தான் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சி.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரித்திருக்கிறதாம். இரண்டு டொக்டர்களிடம் காட்டினோம், இரண்டு பேரும் ஒபரேஷன் கட்டாயம் என்கிறார்கள், ஆனால் வழி வேறு வேறு. ஒருவர், காதுத் துவாரத்தின் பின்சுவரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே குழியாகத் திறந்துவிடலாம், பெரும்பாலும் ஒரு தடவையோடு முடிந்துவிடும் என்றார். மற்றவர், சுவரை அப்படியே வைத்துக்கொண்டு கமராவும் பாவித்துச் சுத்தம் செய்யலாம், காது பழைய மாதிரியே இருக்கும், ஆனால் ஒரு வருடம் கழித்து மறுபடி திறந்து பார்க்க வேண்டி வரும் என்றார். வலது காதிலும் ஓட்டை இருக்கிறது, ஆனால் காய்ந்த ஓட்டை, கேட்கிறது. எதைச் செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளைப் பையன்:

அண்ணே, யோசிக்கவே வேண்டாம், கமரா ஒபரேஷனைச் செய்யுங்கள். எனக்கு 2022இல் செய்தது. காதுக்குப் பின்னால் வெட்டே இல்லை, துவாரத்துக்குள்ளேயே மெல்லிய குழாய்க் கமராவை விட்டு, காதுக்கு முன்னால் மேடாக இருக்கிற குருத்தெலும்பில் ஒரு துண்டு எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். தழும்பு எங்கே என்று இப்போது எனக்கே தேடிப் பார்க்க வேண்டும். இரண்டாவது நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். முன்பு போனை வலது பக்கம் மட்டும்தான் வைப்பேன், இப்போது இரண்டு பக்கமும் வைக்கிறேன். சுவரை இடிக்கிறது பழைய காலத்து முறை, இந்தக் காலத்தில் எதற்கு?

ஓய்வுபெற்ற தியேட்டர் தாதி:

பண்டாரவளைத் தம்பி, உங்களுக்குச் சுகமானது சந்தோஷம். ஆனால் உங்கள் வருத்தமும் இந்தத் தம்பியின் தங்கச்சியின் வருத்தமும் ஒன்றில்லை. அதை முதலில் பிரிக்காவிட்டால் இங்கே வாசிக்கிறவர்கள் எல்லோரும் குழம்பிப் போவார்கள்.

காது ஒழுகுவது இரண்டு வகை. ஒன்று, செவிப்பறையின் நடுவில் ஓட்டை. தடிமன் பிடித்தால், தண்ணீர் போனால் ஒழுகும், தண்ணியாக அல்லது கோழை மாதிரி வரும், வாடை அவ்வளவாக இருக்காது. அதற்கு ஓட்டையை அடைத்தால் போதும். தலையின் பக்கத்துத் தசைக்கு மேலே இருக்கிற மெல்லிய சவ்வை எடுத்தோ குருத்தெலும்பை எடுத்தோ ஒட்டுவார்கள், பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஒட்டிக்கொள்ளும். பண்டாரவளைத் தம்பிக்குச் செய்தது அதுதான்.

மற்றது, செவிப்பறையின் மேல்பக்கம் உள்ளே இழுபட்டு ஒரு பை மாதிரி ஆகி, அதற்குள் தோல் உரிந்து உரிந்து சேர்வது. கொலஸ்டியட்டோமா என்பார்கள். 1838இல் மியூலர் என்ற ஜெர்மன்காரர் கொழுப்புக் கட்டி என்ற அர்த்தத்தில் வைத்த பேர், பேரே பிழை, அதில் கொழுப்பும் இல்லை, அது புற்றுநோயும் இல்லை. இடம் மாறி வளர்ந்த தோல், அவ்வளவுதான். ஆனால் எலும்பைத் தின்னும். கொஞ்சமாக வடியும், வாடை மட்டும் பயங்கரமாக இருக்கும். தங்கச்சிக்கு இருப்பது இதுதான்.

நான் 20 வருடத்துக்கு மேல் தியேட்டரில் நின்றிருக்கிறேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அது வெள்ளையாக முத்து மாதிரி பளபளக்கும். டொக்டர் பையைத் திறந்ததும் உள்ளே வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், அந்த வாடை முகமூடியைத் தாண்டி வரும். அந்தப் பையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு மிஞ்சினாலும் திரும்ப வளரும். சுவரை எடுப்பதா வைப்பதா என்ற பேச்சு எல்லாம் அந்தத் துணுக்கை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் தொடங்குகிறது.

தம்பி, இன்னொன்று. ஒபரேஷன் டேட் வரும்வரை காத்திருக்கும்போது கடுமையான தலையிடி, காய்ச்சல், வாந்தி, தலைச்சுற்று, முகம் ஒரு பக்கம் இழுத்தல், காதுக்குப் பின்னால் வீக்கம், இதில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாள் பார்க்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூளைக்கும் அந்தக் காதுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஓர் எலும்புத் தகடு. எண்ணெய் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

பிள்ளைக்காம்பரா அக்கா:

நான் இதைப் பட்டவள். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

எனக்கு 2003இல் ஒபரேஷன், அப்போது 19 வயது. சுவரை எடுத்துக் குழியாக்கிய ஒபரேஷன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத விரும்பவில்லை, உயிரைக் காப்பாற்றியதும் அங்கேதான். வியாதி திரும்பி வரவே இல்லை, 20 வருடம் தாண்டிவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் குழி காயவில்லை. எட்டு வருடம் ஈரமாகவே இருந்தது. முன்பு சீழ், பிறகும் சீழ், என்ன வித்தியாசம் என்று அம்மா கேட்பார். பீலியில் தலைக்குக் குளித்தால் அடுத்த நாள் ஒழுகும். வஸ்லின் தடவிய பஞ்சை வைத்துத்தான் குளிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், செய்தேன், ஆனால் அவசரத்தில் ஒரு நாள் மறந்தாலும் போதும்.

யாரும் எனக்குச் சொல்லித்தராத விசயம் ஒன்று இருக்கிறது. குளிர் காற்று. மார்கழி, தை மாதம் விடியற்காலை மலைக்கு ஏறும்போது அந்தப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் தலை சுற்றும். சும்மா கிறுகிறுப்பு இல்லை, மலையே சரிந்து வருகிற மாதிரி. ஒரு நாள் கொழுந்துக் கூடையோடு வடிகானுக்குள் விழுந்தேன். சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றார் கங்காணி. நானும் அப்படித்தான் நினைத்தேன். பல வருடம் கழித்துத்தான் ஒரு டொக்டர் விளக்கினார். சுவர் இல்லாததால் சமநிலையைப் பார்க்கிற அரைவட்டக்கால்வாயின் மேல் குளிர் நேராகப் படுகிறது, உள்ளே இருக்கிற நீர் அசைகிறது, நாம் சுற்றுகிற மாதிரி மூளை நினைத்துக்கொள்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் இதேதான். தட்டையான ஊரில், வெயில் ஊரில் இருக்கிறவர்களுக்கு இது சின்ன விசயமாக இருக்கலாம். சரிவில் நின்று வேலை செய்கிற நமக்கு அப்படி இல்லை.

2011இல் வேறொரு டொக்டர் பார்த்தார். குழிக்கும் துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற எலும்பு மேடு உயரமாக விடப்பட்டிருக்கிறது, வாசலும் சின்னது, அதனால் காற்று போகவில்லை, அழுக்கு அடியில் தங்குகிறது என்றார். மறுபடி ஒபரேஷன் செய்து மேட்டை இறக்கி, வாசலைப் பெரிதாக்கி, தசையைத் திருப்பி வைத்துக் குழியைச் சின்னதாக்கினார். மூன்று மாதத்தில் காய்ந்தது. இப்போது வருடத்துக்கு ஒரு தடவை போய்ச் சுத்தம் செய்துகொள்கிறேன், வேறொன்றும் இல்லை. கொழுந்து எடுக்கிறதை விட்டுவிட்டு, தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் வேலை, பிள்ளைகள் அழுகிறது இரண்டு காதிலும் கேட்கிறது.

தங்கச்சியிடம் சொல்லுங்கள். எந்த முறை என்று கேட்பதோடு நிற்காமல், குழி வந்தால் அதை எப்படி அமைப்பீர்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

மஸ்கெலியாத் தம்பி:

அக்கா, தங்கச்சிக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். வடிகானுக்குள் விழுந்ததை வாசித்ததும், எனக்கும் போன மாதம் அப்படி வந்தது என்கிறாள். இதுவரை எங்களிடம் சொல்லவே இல்லை. ஒபரேஷனுக்கு முன்னாலேயே தலைச்சுற்று இருந்தால் அது என்ன? முகம் இழுத்துக்கொள்ளும் என்று லயத்தில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள், அது உண்மையா?

காதுவைத்தியன்:

நான் காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை செய்கிறேன், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். இங்கே ஸ்கேனைப் பார்க்காமல் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு டொக்டர்கள் ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்பதை விளக்கலாம்.

முதலில் தலைச்சுற்று. தம்பி, இதை அடுத்த கிளினிக்கில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்தத் தோல் அரைவட்டக்கால்வாயின் எலும்பை அரித்திருந்தால் இப்படி வரும். ஸ்கேனில் அந்த இடத்தைக் குறிப்பாகப் பார்ப்பார்கள், ஒபரேஷனில் அந்த இடத்தைக் கடைசியாக, மிகக் கவனமாகத் தொடுவார்கள். இது டேட்டை முன்னுக்குக் கொண்டுவருகிற விசயம்.

முகநரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறது, அதனால் பயம் நியாயமானது. ஆனால் பழகிய கையில் நிரந்தரமாக முகம் இழுப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஒபரேஷன் செய்யாமல் விட்டால் அந்தத் தோலே நரம்பை அழுத்தி முகத்தை இழுக்கும், லயத்தில் பார்த்தவர்கள் பார்த்தது பெரும்பாலும் அதைத்தான். நாக்கின் ஒரு பக்கம் சில மாதங்களுக்குச் சுவை மாறித் தகரம் மாதிரி இருப்பது அடிக்கடி நடக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். உள்காதே பாதிக்கப்பட்டு அந்தக் காது முழுச் செவிடாவது அரிது, ஆனால் நடக்கக்கூடியது, கையெழுத்து வாங்கும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இப்போது சுவர். காதுத் துவாரத்துக்குப் பின்னால் மஸ்டொயிட் எலும்பு இருக்கிறது, தேன்கூடு மாதிரி காற்றறைகள் உள்ள எலும்பு. 1873இல் ஷ்வார்ட்ஸ் என்ற டொக்டர் அதைத் திறக்கிற முறையை எழுதியபோது அன்டிபயோட்டிக் கிடையாது, சீழ் மூளைக்கு ஏறாமல் ஆளைப் பிழைக்கவைத்தால் போதும் என்ற காலம். பிறகு சுவரையும் கேட்க உதவுகிற சின்ன எலும்புகளையும் எல்லாம் எடுத்துவிடுகிற முறை வந்தது, ஆள் பிழைத்தார், கேட்கும் சக்தி போனது. 1910இல் பொண்டி என்ற டொக்டர், நல்லாக இருக்கிற செவிப்பறையையும் எலும்புகளையும் தொடாமல் விடலாம் என்றார். 1953இல் ஸைஸ் கம்பனியின் மைக்ரோஸ்கோப் தியேட்டருக்குள் வந்தது, அதே காலத்தில் வுல்ஸ்டைன், சோல்னர் என்ற இரண்டு டொக்டர்கள் கேட்கும் சக்தியைத் திருத்தி அமைக்கிற வேலையைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு சுவரை வைத்துக்கொண்டே முன்னாலும் பின்னாலும் போய்ச் சுத்தம் செய்கிற முறை வந்தது. ஆகவே சுவரை எடுப்பது பழசு, வைப்பது புதுசு என்பது சரியில்லை. இரண்டும் பல பத்து வருடங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன, சண்டை இன்னும் தீரவில்லை.

சுவரை வைத்தால் காது வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணமாக இருக்கும், தண்ணீர் பட்டாலும் பிரச்சினை குறைவு, கேட்கும் கருவி மாட்டுவது சுலபம், குளிர் காற்றில் தலை சுற்றாது. ஆனால் சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. வியாதி மிஞ்சுவதும் திரும்புவதும் சுவரை எடுத்ததைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம், பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். அதனால்தான் 9, 12 மாதத்தில் மறுபடி திறந்து பார்க்கிறார்கள், அல்லது அதற்கென்றே உள்ள ஒரு வகை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த ஸ்கேனில் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்தால்தான் நம்பிக்கையாகத் தெரியும்.

கமரா நல்ல கருவி. மைக்ரோஸ்கோப் நேர்கோட்டில்தான் பார்க்கும், கமரா மூலைக்குள் எட்டிப் பார்க்கும். நடுக்காதின் பின்பக்கம் ஒரு பொந்து இருக்கிறது, மைக்ரோஸ்கோப்புக்குத் தெரியாத இடம், அங்கேதான் துணுக்குகள் ஒளியும். ஆனால் ஒரு கையில் கமரா, மறு கையால்தான் வேலை, இரத்தம் வந்தால் சிரமம். வியாதி மஸ்டொயிட்டுக்குள் ஆழமாகப் போயிருந்தால் கமராவோடு மட்டும் முடியாது, எப்படியும் காதுக்குப் பின்னால் திறந்து டிரில் பண்ணத்தான் வேண்டும்.

கேட்கும் சக்தியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சுவரைப் பற்றியே பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய விசயம் ஏந்தியுரு என்ற எலும்பு. உடம்பிலேயே மிகச் சின்ன எலும்பு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். இந்த வியாதி முதலில் தின்பது அதற்கு முந்திய பட்டடையுரு என்ற எலும்பின் நீண்ட காலை. ஏந்தியுரு முழுதாக மிஞ்சியிருந்தால் சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓரளவு நல்ல கேட்கும் சக்தியைக் கொடுக்கலாம். அது போயிருந்தால் இரண்டு முறையிலும் கஷ்டம். இதை உள்ளே போய்ப் பார்த்தால்தான் முடிவாகத் தெரியும்.

பிள்ளைக்காம்பரா அக்கா எழுதியது ஒவ்வொரு வரியும் சரி. காயாத குழிக்குப் பெரும்பாலும் காரணம் அந்த உயர்ந்த மேடும் சின்ன வாசலும்தான். அந்த மேட்டுக்குள்ளேதான் முகநரம்பு ஓடுகிறது, அதனால் பயந்து உயரமாக விட்டுவிடுவார்கள். இப்போது பலர் குழியை எலும்புத் தூள், குருத்தெலும்பு, தசை வைத்து நிரப்பியே முடிக்கிறார்கள், அப்படி நிரப்பினால் தலைச்சுற்றும் ஈரமும் குறைகின்றன. சுவரை எடுப்பதற்கும் வைப்பதற்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருப்பதைக் கேட்டுப் பாருங்கள்.

தங்கச்சி வாடைக்காக வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2004இல் போட்ட கணக்கில், காது ஒழுகுகிறவர்கள் உலகத்தில் 65 முதல் 330 மில்லியன் பேர். இது அவர் குளிக்காமலோ சுத்தமில்லாமலோ வந்த வியாதி இல்லை.

பண்டாரவளைப் பையன்:

டொக்டர், நன்றி. எனக்குச் செய்த ஒபரேஷன் எல்லாக் காதுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டேன். அண்ணே, நான் முதலில் எழுதியதை வைத்து முடிவு எடுத்துவிடாதீர்கள்.

லிந்துலை டீச்சர்:

ஒரு விசயத்தைக் கேட்க வேண்டும் டொக்டர். வருடம் கழித்து வாருங்கள் என்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை, என்னிடம் படித்தவன், சுவரை வைத்துச் செய்தார்கள். திரும்ப வரச்சொன்னது தாய்க்கு விளங்கவே இல்லை. கிளினிக் கொப்பியில் இங்கிலீஷில் எழுதியிருந்தது, வாயால் சிங்களத்தில் சொன்னார்களாம், தாய் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். காது காய்ந்துவிட்டது, ஒழுகவில்லை, அப்படியானால் சுகம் என்று நினைத்தார்கள். மூன்று வருடம் கழித்து அவன் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து ஒன்றும் கேட்கவில்லை என்று நான்தான் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன், அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் உள்ளே நிறைந்துவிட்டது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, ஆனால் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கையில் செய்கிற ஒபரேஷனுக்கு, திரும்பி வரச் சொன்னது அவர்கள் மொழியில் கொப்பியில் இருக்க வேண்டாமா?

காதுவைத்தியன்:

வேண்டும் டீச்சர். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆள் திரும்பி வருவது சந்தேகமாக இருந்தால் சுவரை எடுப்பது பாதுகாப்பு என்று எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லித்தருகிறார்கள். ஆனால் அந்தச் சந்தேகத்தை நாங்கள் எப்படி முடிவு செய்கிறோம்? தோட்டத்து ஆள் என்று பார்த்தா, கேட்டுப் பார்த்தா? கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிள்ளைக்காம்பரா அக்கா:

டொக்டர், கேட்டால் இப்படித்தான் பதில் வரும். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் வந்து, அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று கண்டிக்குப் போக விடியுமுன் கிளம்ப வேண்டும். அன்றைக்குப் பேர் விழாது, அந்த நாள் சம்பளம் இல்லை. கூடப் போகிற ஆளுக்கும் பேர் விழாது. பாதியில் வந்தால் அரைப்பேர். ஒரு ஒபரேஷனுக்கு ஒரு மாதம் வேலை இல்லை, இரண்டாவதுக்கு இன்னொரு மாதம். இரண்டு பிள்ளை உள்ள வீட்டில் இது பெரிய கணக்கு. அதனால் ஒரே தடவை என்றால் எங்கள் ஆட்கள் அதைத்தான் பிடிப்பார்கள். அது அறியாமை இல்லை.

அதே நேரம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஒரே தடவை என்பது முழு உண்மை இல்லை. குழிக்கும் வாழ்நாள் முழுக்கப் போக வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவையோ வருடத்துக்கு ஒரு தடவையோ. நான் போகாமல் விட்ட ஒரு வருடம், உள்ளே மெழுகும் தோலும் கல் மாதிரி இறுகி, எடுக்கும்போது உயிர் போய் வந்தது.

ஓய்வுபெற்ற தியேட்டர் தாதி:

எந்த முறை என்று முடிவானாலும் இந்தக் காரியங்கள் ஒன்றுதான், அதனால் எழுதிவைக்கிறேன் தம்பி.

மயக்கம் தெளிந்ததும் கண்ணை இறுக்கி மூடச் சொல்வோம், பல்லைக் காட்டச் சொல்வோம். வலியில் ஏன் சிரிக்கச் சொல்கிறார்கள் என்று கோபம் வரும், முகநரம்பைப் பார்க்கத்தான். நெற்றியில் இசைக்கவை என்ற, தட்டினால் ஒலிக்கிற கம்பியை வைத்து எந்தக் காதில் கேட்கிறது என்பார்கள். ஒபரேஷன் செய்த பக்கத்தில் கேட்டால் உள்காது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அதனால் அந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

காதுக்குள் மஞ்சள் நிறத்தில் நாடா மாதிரி மருந்துத் துணி அடைத்திருக்கும், இரண்டு மூன்று வாரம் இருக்கும். மருந்து வாடை கடுமையாக வரும், அது சீழ் வாடை இல்லை, பயந்து இழுத்துவிட வேண்டாம். நுனி கொஞ்சம் வெளியே வந்தால் இழுக்காமல் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கண்டியிலிருந்து மேலே ஏறும்போது காது அடைக்கும், மூக்கைப் பிடித்து ஊதவே கூடாது, வாயை அசைத்துக்கொண்டே வரட்டும்.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் இழுக்கிறது, காதுக்குப் பின்னால் தையல் இருக்கிறது. தையல் ஆறினாலும் பாரம் தூக்கினால் உள்ளே ஒட்டியது நகரும். எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டரிடம் எழுதி வாங்கி, தோட்டத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் அடுத்த வாரமே மலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

மஸ்கெலியாத் தம்பி:

கிளினிக்குக்குப் போய் வந்தோம். இங்கே நீங்கள் எழுதியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். தலைச்சுற்றைச் சொன்னதும் டொக்டர் ஸ்கேனைத் திரும்ப எடுத்துவைத்து நீண்ட நேரம் பார்த்தார். கால்வாயின் மேல் எலும்பு மிக மெலிந்திருக்கிறது என்றார். டேட் மூன்று வாரத்தில்.

சுவரை எடுக்கத்தான் போகிறார். காரணத்தைப் படம் வரைந்து சொன்னார். 25 வருடம் சீழ் பிடித்த காது என்பதால் மஸ்டொயிட் எலும்பில் காற்றறைகளே இல்லை, இறுகிப் போயிருக்கிறது, ஆகவே குழி எப்படியும் சின்னதாகத்தான் வரும். கால்வாய் இருக்கிற நிலையில் எதையும் மறைவாக விட்டுவைக்க அவருக்கு மனமில்லை. மூலைகளைக் கமராவாலும் பார்ப்பாராம். குழியை நிரப்புவீர்களா என்று கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இதை யார் சொன்னது என்று கேட்டார். பிறகு, மேட்டை இறக்கி, வாசலைப் பெரிதாக்கி, பின்பக்கத்தைத் தசையால் மூடுவேன் என்றார். தங்கச்சி தானாகவே கேட்டது ஒரே கேள்வி, வாடை போகுமா என்று. போகும் என்றார்.

மஸ்கெலியாத் தம்பி:

ஒபரேஷன் முடிந்து மூன்றரை மாதம். முன்பே எழுதியிருக்க வேண்டும், மன்னியுங்கள். மூன்றரை மணி நேரம் எடுத்தது. வார்டில் கண் விழித்ததும் தாதி மிஸ் பல்லைக் காட்டச் சொன்னார், காட்டினாள், இரண்டு பக்கமும் சமமாக. நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஏந்தியுரு இருந்ததாம், அதன் மேலேயே புதுப் பறையை வைத்திருக்கிறார்கள்.

வாடை இல்லை. நாக்கில் அந்தத் தகரச் சுவை இன்னும் இருக்கிறது, தேத்தண்ணி பிடிக்கவில்லை என்கிறாள். குழியில் ஒரு ஓரம் மட்டும் இன்னும் காயவில்லை, சிவப்பாகச் சதை மாதிரி இருந்த இடத்தை டொக்டர் சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டுவிட்டார், ஆறு வாரத்தில் மறுபடி போக வேண்டும். அந்தத் திகதியைக் கொப்பியில் தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன் டீச்சர், அங்கே வேலை செய்கிற ஒரு தங்கச்சி எழுதித் தந்தார். எவ்வளவு கேட்கிறது என்ற பரிசோதனை அடுத்த தடவைதான். ஆனால் சமையல் பண்ணும்போது பின்னாலிருந்து சின்னவன் கூப்பிட்டால் இப்போது இடது பக்கம் திரும்புகிறாள்.

அக்கா, குளிர் காற்றுக்கு நீங்கள் என்ன போட்டுக்கொள்கிறீர்கள்? போன கிழமை வெளியே வந்தபோது ஒரு தடவை லேசாகச் சுற்றியதாம்.

பிள்ளைக்காம்பரா அக்கா:

முதலில் வஸ்லின் பஞ்சு, அதுவும் உள்ளே தள்ளாமல் வாசலில் மட்டும். அதற்கு மேல் காதை மூடுகிற கம்பளித் தொப்பி, அதற்கு மேல் நாம் கட்டுகிற துணி. சந்தையில் விற்கிற மெல்லியது வேண்டாம், காற்று போகும், உள்ளே துணி வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குள் வந்ததும் பஞ்சை எடுத்துவிட வேண்டும், குழிக்குக் காற்று வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் வலது காதைக் கொடுத்து நிற்கப் பழகச் சொல்லுங்கள். ஈரம் காயும்வரை மலைக்கு அனுப்பாதீர்கள் தம்பி, அதற்குப் பிறகும் முதல் ஒரு மாதம் செங்குத்தான மலை வேண்டாம் என்று கங்காணியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவளைச் சொல்லவிடாதீர்கள், அவள் சொல்லமாட்டாள்.